புதருக்குள் ஒரு ஸ்டேட்டஸ் மீட்டிங்

அமெரிக்காவில் கேட்டி என்ற ஊரில் நாங்கள் சில ஆபீஸ் நண்பர்கள் ஞாயிறுதோறும் பிளாஸ்டிக் குண்டுத் துப்பாக்கியோடு ஏர்சாஃப்ட் ஆடுவோம். குண்டு பட்டால் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, ஒரு சமோசா தின்றுவிட்டு மறுபடி உள்ளே ஓடலாம். சிலருக்கு அது போதவில்லை. நிஜ ராணுவம் மாதிரியே ஆடும் மில்சிம்தான் வேண்டுமாம். ஒருமுறை நானும் போய்த் தொலைத்தேன்.

சீருடை, ரேடியோ எல்லாம் தடபுடலாக இருந்தது. கமாண்டர் வேறு யாருமில்லை, எங்கள் ஆபீஸ் மேனேஜர், மதுரைக்காரர். புதருக்குள் எங்களை வட்டமாக நிறுத்தி, ஆளாளுக்கு அப்டேட் கேட்டார். எல்லோரும் பயபக்தியோடு சொல்லிக்கொண்டிருந்தபோது எதிரணி நிதானமாக நடந்து வந்து எங்களைச் சுட்டுத் தள்ளிவிட்டுப் போனது.

மில்சிம் விதிப்படி, மெடிக்காக நடிப்பவர் வந்து கட்டுப் போடும்வரை சுடப்பட்டவன் கிடந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். முள்ளில் மல்லாந்தபடி மேனேஜர் கேட்டார்: "மெடிக் எப்ப வர்றாராம்? யாராச்சும் ஃபாலோ அப் பண்ணீங்களா?"

"இதோ பண்றேன் சார்" என்றது பக்கத்துப் பிணம்.

ஆபீஸில் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். அமெரிக்கா வந்ததிலிருந்து தொண்டையில் அடக்கி வைத்திருந்த அந்த 'சார்' என்ற ஒற்றைச் சொல்லை வாய்விட்டுச் சொல்லத்தான் இவர்களுக்கு ஒரு போர் தேவைப்பட்டிருக்கிறது.