பிரெஞ்சு சாரின் பிளெக்ஸ்

"போட்டோவ நான் ஒட்டிக்கிறேன். நீ 'பணி நியமனம் பெற்றுள்ளார்'னு மட்டும் கொட்டை எழுத்துல அடிச்சுக் குடு" என்று பிளெக்ஸ் கடை அழகுபாண்டியிடம் போனில் சொல்லிக்கொண்டே, உள்ளங்கையால் கரும்பலகையை அழிக்கிறார் வெங்கடரமணன். அழித்த கையைப் பேன்ட்டின் பின்பக்கம் துடைத்துக்கொள்கிறார். நியமனம் பெற்றது யார், எந்தக் கம்பெனி, நேர்காணலாவது நடந்ததா என்றெல்லாம் கேட்கும் வழக்கம் அழகுபாண்டிக்கு விட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது.

செல்லூரில் 'பிரெஞ்சு சார்' என்றால்தான் இவரைத் தெரியும். விசைத்தறிக் கூடத்தின் மாடியில், தகரக் கூரைக்குக் கீழே ட்யூஷன். கீழே தறி ஓடத் தொடங்கினால் மேலே பெஞ்சு அதிரும். சார் வாயசைப்பது தெரியும், சொல்வது கேட்காது. வேறு யாராக இருந்தாலும் இடத்தை மாற்றியிருப்பார்கள். இவருக்கு இதுதான் வசதி, உச்சரிப்பு எப்படி என்று ஒரு பிள்ளையும் கேட்க முடியாது பாருங்கள். "உச்சரிப்புக்கு எவன் மார்க் போடுறான்? பேப்பர்ல சரியா இருந்தாப் போதும்" என்பார். தமிழ் எடுத்தால் மார்க் குறைந்துவிடும் என்று பயந்து பிரெஞ்சுக்கு ஓடிவரும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இவர் குலதெய்வம். நூற்றுக்கு நூறு வாங்குகிறார்கள். நிஜமாகவே ஒரு பிரெஞ்சுக்காரர் எதிரே வந்து நின்றால், குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று அவரிடம் கேட்கத் தெரியாது.

சாருக்குச் செல்லப் பாடம் ஒன்று உண்டு. வருங்காலத்தில் ஒன்று நடப்பதற்குள் இன்னொன்று முடிந்திருக்கும் என்று சொல்கிற காலம். "பஸ் வந்து நிக்கிறப்ப ஸ்ரீலட்சுமி பூ வாங்கி முடிச்சிருப்பா" என்பது அவர் மாறாமல் சொல்லும் உதாரணம். ஸ்ரீலட்சுமி அவர் மனைவி. அந்த அம்மாளை அவர் பஸ் ஏற்றி எங்கேயும் கூட்டிப்போனதாகத் தெருவில் யாருக்கும் நினைவில்லை. பலகையின் நடுவே கோடு இழுத்து, இந்தப் பக்கம் 'ஜொரே', அந்தப் பக்கம் 'ஜெ ஸெரே' என்று எழுதுவார். "தொணை வினை ரெண்டுதான். சாப்பிடறது, படிக்கிறது, முடிக்கிறதெல்லாம் ஜொரே. போறது, வாரது, பொறக்கறது, சாகறது, ஆகறது, இதெல்லாம் ஜெ ஸெரே. தொணைய எதிர்காலத்துல போடு, முடிஞ்சுபோன வினையப் பின்னாடி ஒட்டு. அம்புட்டுதான்." இந்த ஒரு பாடத்தை அவர் தெளிவாகவே நடத்துவார், இல்லையென்று சொல்ல மாட்டேன். பாடம் முடிந்த பிறகும் அந்தக் காலத்தை விட்டுக் கீழே இறங்க மாட்டார் என்பதுதான் தொல்லை.

கூரை ஒழுகுகிறதே சார் என்றால், "ஐப்பசி மழைக்குள்ள மாத்தியிருப்பேன்" என்பார். ஐப்பசி வரும், போகும். பிள்ளைகள் வாளியை நகர்த்தி வைத்துக்கொண்டு எழுதுவார்கள். பாண்டிச்சேரிகூடப் பார்த்ததில்லையாமே என்று கேட்டுவிட்டால், "அடுத்த வருசம் இந்நேரம் பாரிசுக்கே போய்ட்டு வந்திருப்பேன்" என்று வரும் பதில். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. எதையும் முடிந்துபோனதாகவே பேசிவிடுவதால் அதைச் செய்யும் சிரமம் அவருக்கு மிச்சம். வாசல் பிளெக்ஸும் இந்த வகைதான். பரீட்சை முடிவு வரும் முன்பே 'நூற்றுக்கு நூறு' என்று முகங்களோடு தொங்கும். எவனாவது ஒருவன் தொண்ணூறு வாங்கித் தொலைத்தால், அவன் முகத்தைச் சுரண்டிவிட்டு வேறொரு முகத்தை ஒட்டுவார். எழுத்தில் மட்டும் கை வைக்க மாட்டார்.

இந்த முறை ஒட்டவிருந்த முகம் என் அண்ணன் மகள் பவதாரிணியுடையது. பள்ளியில் தொடங்கி கல்லூரி முடியும்வரை இவரிடம் பிரெஞ்சு படித்தவள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தாள். சென்னையில் ஒரு கம்பெனிக்கு, வாடிக்கையாளர்களோடு போனில் பிரெஞ்சு பேச ஆள் வேண்டும் என்று தெரிந்து விண்ணப்பித்தாள். போனிலேயே நேர்காணல் என்று தகவல் வந்ததும், முதலில் சாரிடம் போய்ச் சொன்னாள். "கெடைச்சிருச்சுன்னே வச்சுக்க. ஒண்ணாந்தேதி நீ மெட்ராஸ்ல சேந்திருப்ப. ஆஸ்பத்திரில இன்னைக்கே பேப்பர் போட்ரு" என்றார் மகானுபாவர். இவளும் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்த வாரமே அவள் நாற்காலியில் வேறொரு பெண்ணை உட்காரவைத்துவிட்டார்கள். என் அண்ணன் சோழவந்தானில் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர். வீட்டில் அரிசி வேகிறதென்றால் அது இவள் சம்பளத்தில்தான்.

விஷயம் தெரிந்து நேரே போய்க் கேட்டேன்.

"இன்டர்வியூவே நடக்கலையே சார்?"

"நடக்கும்ல?"

"நடந்து, எடுக்கலைன்னா?"

"நீங்க ஏம்மா அபசகுனமாப் பேசுறீங்க? பிள்ள அதுக்குள்ள தயாராயிருப்பா."

பேசிப் பழகவேண்டும் சார் என்று அவள் கேட்டபோதெல்லாம் இதே பதில்தான். கடைசியில் அவளே பிரெஞ்சுக்காரர்கள் பேசும் வீடியோக்களைப் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்துப் பழகினாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் இவளை ஒரு மாதிரிப் பார்த்தார்களாம்.

நேர்காணலைத் தன் மாடியில் வைத்துத்தான் பேசவேண்டும் என்று சார் பிடிவாதம் பிடித்தார். "என் எடத்துல இருந்து எடுத்த வேலைன்னு நாளைக்கு நாலு பேருக்குத் தெரியணும்ல." கீழே சொல்லித் தறியை அரை மணி நேரம் நிறுத்தவைத்தார். பவதாரிணி என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டாள். மூலையில் பிளெக்ஸ் சுருட்டித் தயாராக நின்றது.

ஸ்பீக்கரில் ஒரு பெண்ணின் குரல் வந்தது. பவதாரிணி முதலில் தடுமாறினாள், பிறகு பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அந்தப் பக்கம் சிரித்தது புரிந்தது. ஆஸ்பத்திரியில் டோக்கனுக்கு நடக்கும் சண்டையைச் சொன்னேன் அத்தை என்று பிற்பாடு சொன்னாள். அந்தப் பெண்மணி திரும்ப ஏதோ கேட்க, இவள் கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொல்ல, இரண்டு பேரும் பழகியவர்கள்போலப் பேசிக்கொண்டு போனார்கள். சார் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அவள் செய்த ஒவ்வொரு தப்புக்கும் அவர் விரல் மேசையில் தட்டியது.

ஐந்து வருடத்தில் என்னவெல்லாம் செய்து முடித்திருப்பீர்கள் என்று அந்தக் குரல் கேட்டது, இதையும் அவள்தான் பிற்பாடு சொன்னாள். அவருடைய செல்லக் காலம் வந்துவிட்டதென்று சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு குழுவுக்குத் தலைவியாக ஆகியிருப்பேன் என்று சொல்ல நினைத்து, பவதாரிணி "ஜொரே" என்று உற்சாகமாகத் தொடங்கினாள். சார் எட்டி, போனில் மியூட்டை அமுக்கினார்.

"ஆகறது எந்தப் பக்கம்?"

"சார், அவங்க லைன்ல இருக்காங்க."

"இருக்கட்டும். எந்தப் பக்கம்ங்கிறேன். ஜெ ஸெரே. பொம்பளப் பிள்ளைன்னா கடைசில ஒரு எழுத்துச் சேரும், அதையும் விட்றாத. அரை மார்க் போயிரும்."

"அலோ? மத்மொஸேல்?" என்று போன் கேட்டுக்கொண்டிருந்தது. இந்த மனிதர் பலகைக்குப் போய், சாக்பீஸ் தேடி, அந்த வாக்கியத்தை முழுதாக எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டார். கடைசியில் சேருமே ஓர் எழுத்து, அதை எழுதத்தான் வேண்டுமாம், வாயில் அதற்குச் சத்தமே கிடையாதாம். அதற்காகத்தான் ஒரு பெண்ணின் பிழைப்பை அங்கே நிறுத்தி வைத்திருந்தார். நான் மியூட்டை எடுத்துவிட்டு, போனை அவள் கையில் திணித்தேன்.

அதன் பிறகு பவதாரிணி பேசவில்லை, வாசித்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் பலகையைப் பார்த்தாள், பிறகு சாரின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுபோயிற்று. மரியாதையாக நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள்.

"கடைசி வாக்கியம் சுத்தம். நூத்துக்கு நூறு" என்றார் சார்.

கீழே தறியை ஓட்டிவிட்டார்கள். பவதாரிணி அவரிடம் ஏதோ சொன்னாள், சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

இலக்கணம் நன்றாகத் தெரிகிறது, ஆனால் இயல்பாகப் பேச வரவில்லை என்று அந்த வாரமே மெயில் வந்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் பழைய வேலையைக் கேட்டாள். இடம் காலியானால் கூப்பிடுகிறோம் என்றார்கள். இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை அந்தப் பெண். நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவது என்று செல்லூருக்குக் கிளம்பினேன்.

வாசலில் பெஞ்சைப் போட்டு அதன்மேல் நின்றுகொண்டிருந்தார். பிளெக்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் பவதாரிணி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கம்மா. மெயில் வந்துச்சுன்னு பிள்ள சொல்லுச்சு. வெசனப்படாதீங்க, ஆடி கழியறதுக்குள்ள இதவிடப் பெரிய எடத்துல சேந்திருப்பா."

"இருந்த வேலையும் போச்சே சார், உங்க பேச்சக் கேட்டு."

அவர் பிளெக்ஸ் பக்கம் திரும்பினார். 'பணி நியமனம் பெற்றுள்ளார்' என்ற எழுத்தின் மேலிருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்தார். கையைப் பேன்ட்டில் தேய்த்துக்கொண்டார். பிறகு பவதாரிணியின் முகத்தின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து, பக்கத்து எழுத்து கிழிந்துவிடாதபடி, பதமாக உரிக்க ஆரம்பித்தார்.