மொட்டைத் தலையில் இருந்த சந்தனம்

பட்டாசு கம்பெனிக்கு வேனில் போய் வருகிறவள் நான். அன்று காலை என் செல்போனுக்கு ஒரு ஆடியோ வந்தது. பிள்ளை பிடிக்கிற கும்பல் சாத்தூர்ப் பக்கம் சுற்றுகிறதாம். அடையாளம் தெரியாமல் இருக்க, பிடித்த பிள்ளைக்கு மொட்டை போட்டுவிடுவார்களாம். பேசுவது யாரென்றுகூடத் தெரியாது. உடனே எங்கள் வேன் குரூப்புக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் டீக்கடையில் வேன் நின்றது. வீறிட்டு அழுத மொட்டைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வேகமாகப் போனார்.

"ஏலே, அவன்தான்! புடிங்கலே!" என்று முதலில் கத்தியது நான்தான்.

வேனே இறங்கி அடித்தது. அவர் பிள்ளையை விடவில்லை. "எம் புள்ள தாயி, எம் புள்ள!" என்று கெஞ்சிய வாயிலேயே தூக்குவாளியால் அடித்தேன். பல் உடைந்து, ரத்தம் பிள்ளையின் தலையில் வடிந்தது.

பிள்ளையைப் பிடுங்கினேன். அது "அப்பா!" என்று அவரிடமே தாவியது. என் கையில் ரத்தத்தோடு சந்தனமும் ஒட்டியிருந்தது. பக்கத்து இருக்கன்குடி கோயிலில் முடியிறக்கிப் பூசிய சந்தனம். என் பிள்ளைகள் இரண்டுக்கும் அங்கேதான் மொட்டை போட்டேன்.

தண்ணீர் வாங்கப் போயிருந்த அவர் மனைவி ஓடி வந்து புருஷனைத் தாங்கிப் பிடித்தார். "ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார்.

இப்போது எது வந்தாலும் அனுப்பியவருக்குப் போன் போட்டு, யார் சொன்னது, எந்த ஊரில், என்றைக்கு என்று கேட்கிறேன். பதில் இல்லையென்றால் அழித்துவிடுகிறேன்.

"இவ பெரிய சிஐடி" என்று வேனில் சிரிக்கிறார்கள். அன்று என்னோடு சேர்ந்து அடித்தவர்கள்தான்.