கேஸ் என்று சொன்னவன் நான்

பட்டறையில் சேர்ந்த முதல் நாள், நான் திறந்த பானெட்டை அத்தான் மறுபடி மூடினார். அறைந்து மூடவில்லை. இரண்டு கையாலும் மெல்ல இறக்கி, பூட்டு விழுகிற சத்தம் கேட்கும்வரை அழுத்தினார். நான் கையில் ஸ்பேனரோடு பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன். வண்டிக்காரர் எதிரிலேயே இருந்தார். “இன்னும் ஒண்ணும் கேக்கவே இல்ல மாப்ள. அதுக்குள்ள உள்ள எதைத் தேடப் போற?” என்றார் அத்தான். எனக்கு அப்போது முப்பது வயது. நாகப்பட்டினத்தில் ஒரு பட்டறையில் ஆறு வருடம் என்ஜின் பிரித்து மாட்டியவன். சொந்த அக்காள் புருஷன் வெளியாள் முன்னால் இப்படிச் சொன்னது சுருக்கென்று தைத்தது.

அத்தானின் பட்டறை காரைக்காலிலிருந்து அம்பகரத்தூர் போகிற சாலையில் இருந்தது. இப்போதும் இருக்கிறது, நான்தான் நடத்துகிறேன். அவரோடு பதினோரு வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தேன். அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கான யோக்கியதை எனக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பத்தாறு வயதில் நெஞ்சடைத்துச் செத்துப்போனார். அதற்கு முந்தின நாள், நெஞ்சு அடைக்கிறது என்று என்னிடம்தான் சொன்னார். அது கேஸ் என்று நான் சொன்னேன். இதை மூன்று வருடம் என் அக்காவிடம் மறைத்து வைத்திருந்தேன்.

எங்கள் பக்கம் வண்டி கெட்டால் என்ன ஆனது என்று யாரும் சொல்வதில்லை. எது போனது என்றுதான் சொல்வார்கள். பம்பு போச்சு, கிளட்சு போச்சு, செல்ஃபு போச்சு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னதோ, மச்சினன் போனில் சொன்னதோ, கையில் ஒரு பேரை வைத்துக்கொண்டுதான் வருவார்கள். அத்தானுக்கு அந்தச் சொல் ஆகவே ஆகாது. “போச்சுன்னு சொல்லாதீங்க. என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க” என்பார். வந்தவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, எதிரில் பழைய டயர் ஒன்றின்மேல் தான் உட்கார்ந்து ஆரம்பிப்பார். காலையில் முதல் ஸ்டார்ட்டிலேயே பண்ணுகிறதா, ஓடிச் சூடேறின பிறகா? பாலம் ஏறும்போதா, சும்மா நிற்கும்போதா? ஏசி போட்டால் கூடுகிறதா? மழை பெய்த மறுநாள் எப்படி? கடைசியாகக் கைவைத்தது யார், எதை மாற்றினார்கள்? இவ்வளவும் கேட்டு முடித்த பிறகும் டூல்ஸ் பெட்டி பக்கம் போகமாட்டார். வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவார். கோளாறு ஒரு தடவை தன் கண்முன்னால் வந்து காட்டினால்தான் அவருக்குத் திருப்தி.

வரிச்சிக்குடியிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பழைய பெட்ரோல் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். இருபது நிமிடம் ஒழுங்காக ஓடும், பிறகு திக்கித் திக்கி நின்றுவிடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி கிளம்பும். வேறொரு இடத்தில் பெட்ரோல் பம்பைப் புதிதாக மாற்றியாகிவிட்டது. புதுப் பம்பும் போச்சு என்றார் வாத்தியார். நானாக இருந்தால் அந்தப் பம்பை அப்போதே கழற்றியிருப்பேன். அத்தான் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டே போனார். அதில், வண்டி நின்றதும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. வாத்தியாருக்கு எரிச்சல் வந்துவிட்டது. இறங்கி டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பாராம், மீட்டர் முள்ளை அவர் நம்புவதில்லையாம். பிறகு மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஓடுமாம். ஒரு நாளாவது மூடியைத் திறக்காமல் வெறுமனே காத்திருந்து பார்த்ததுண்டா என்று அத்தான் கேட்டார். வாத்தியார் யோசித்துப் பார்த்து இல்லை என்றார்.

இரண்டு பேரும் வண்டியை எடுத்துக்கொண்டு திருமலைராயன்பட்டினம் பக்கம் போனார்கள். சரியாக இருபது நிமிடத்தில் நின்றது. மூடியைத் தொடாமல் காத்திருந்தார்கள், கிளம்பவில்லை. மூடியைத் திறந்தபோது டேங்க் புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது, வண்டி கிளம்பிவிட்டது. டேங்குக்குள் காற்றுப் போவதற்கென்று ஒரு சின்னக் குழாய் உண்டு. அதன் வாயில் குளவி மண்கூடு கட்டி அடைத்திருந்தது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று இல்லாமல், பம்பு எவ்வளவு இழுத்தும் பெட்ரோல் மேலே வரவில்லை. அத்தான் ஒரு கம்பியை விட்டுக் குத்தி மண்ணை எடுத்தார், வேலை அவ்வளவுதான். வாத்தியார் போன பிறகு என்னிடம் சொன்னார்: “மூடியைத் தொறந்தா சரியாவுது, அதனால ஒண்ணும் இல்லன்னு விட்டுட்டாரு. காரணம் தெரியாம சரியானது திரும்ப வரும் மாப்ள.” நான் காதில் விழாததுபோலக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளதைச் சொல்வதென்றால் எனக்கு அவருடைய முறை பிடிக்கவே இல்லை. சனிக்கிழமையானால் திருநள்ளாறு வருகிற வெளியூர் வண்டிகள் வாசலில் வந்து நிற்கும். குளித்த ஈரத் தலையோடு குடும்பமே வெயிலில் காத்திருக்கும். இவர் டயர்மேல் உட்கார்ந்துகொண்டு அமைதியாக விசாரணை நடத்துவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொண்ணு பார்க்க வந்த மாதிரி என்ன இவ்வளவு விசாரிப்பு என்று எல்லார் முன்னிலும் கிண்டலடிப்பேன். சிரிப்பாரே தவிர ஒரு கேள்வியைக் குறைக்கமாட்டார். வண்டியில் மாட்டினால் கோளாறைக் காட்டுகிற ஸ்கேனர் மெஷின் வாங்கிய பிறகாவது இது ஒழியும் என்று நினைத்தேன். அதையும் கடைசியில்தான் மாட்டுவார். மெஷின் எந்த ஒயரிலிருந்து புகார் வந்தது என்றுதான் சொல்லும், தப்பு யார்மேல் என்று நாம்தான் பார்க்க வேண்டும் என்பார். பார்ட்ஸ் மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார், ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. வருடங்கள் போகப்போக எனக்கும் அது பழகிவிட்டது. பிடிக்காமலே பழகியது. அவர் இல்லாத நாளில் நானும் அதே டயரில் உட்கார்ந்து அதே கேள்விகளைக் கேட்டிருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். நான் ஒரு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து, துருப்பிடித்த போல்ட் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அத்தானின் செருப்பு மட்டும் தெரிந்தது. “மாப்ள, ரெண்டு நாளா நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுடா” என்றார். என்னை அவர் ‘டா’ போட்டுப் பேசுவது அபூர்வம். நான் தலையைக்கூட வெளியே நீட்டவில்லை. “கேஸ் அத்தான். நேத்து கொத்துப் புரோட்டா தின்னீங்கள்ல, அதான். ஒரு சோடா குடிங்க” என்றேன். செருப்பு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது, பிறகு நகர்ந்தது. எதிர்க்கடையில் பன்னீர் சோடா குடித்துவிட்டு வந்து, பெரிய ஏப்பமாக ஒன்று வந்தது, இப்போது தேவலை என்றார். நான்தான் சொன்னேனே என்று அடியில் கிடந்தபடியே பெருமையடித்துக்கொண்டேன்.

நம் ஜனங்களுக்கு நெஞ்சில் எது வந்தாலும் அது கேஸ்தான். சுக்கு, ஓமம், பெருங்காயம், சோடா என்று வைத்தியமும் ரெடியாக இருக்கும். பம்பு போச்சு என்று வருகிறவரை வாசலிலேயே நிறுத்தி வைக்கிற பட்டறையில், அந்தப் பட்டறைக்காரருக்கே ஒரு பேரை எடுத்து வீசினேன். எத்தனை மணிக்கு வருகிறது? நடந்தால் வருகிறதா, உட்கார்ந்தால் நின்றுவிடுகிறதா? கைக்கு இறங்குகிறதா? வியர்க்கிறதா? இந்த நாலு கேள்விக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? முன்பின் தெரியாதவனின் வண்டிக்கு அரைமணி நேரம் கேள்வி கேட்டவன்தானே நானும்? அவர்மேலும் எனக்கு ஆத்திரம் உண்டு. யார் எந்தப் பேரைச் சொன்னாலும் நம்பாத மனுஷன், நான் சொன்னதை மட்டும் எதற்கு நம்பினார்? போய்யா உனக்கு என்ன தெரியும் என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, ஒரு வெளியூர் வண்டிக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தவர் பாதிக் கேள்வியில் நிறுத்தினார். அவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. எங்கள் வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழியிலேயே முடிந்துவிட்டது. டாக்டர் சின்ன வயதுக்காரர், குரலை உயர்த்தாமல் கேட்டார். இதற்கு முன்னால் வலி இருந்ததா? எத்தனை நாளாக? யாரிடமாவது சொன்னாரா? அதற்குள் அக்கா ஆட்டோவில் வந்து இறங்கி என் பக்கத்தில் நின்றுவிட்டாள். “இல்ல சார், இன்னைக்குத்தான்” என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வந்த பதற்றத்தில் எதுவும் அவள் காதில் ஏறியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பொய் சொல்வது அன்று ஒரு நொடி வேலையாக இருந்தது. பிறகு தினமும் அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அக்கா ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாள்: “ஒரு வார்த்தை சொல்லலையே மனுசன்.” நான் மூலையில் நின்று தலையாட்டினேன். பட்டறையை எடுத்து நடத்த ஆரம்பித்தேன். கேள்வி கேட்காமல் இப்போது ஒரு போல்ட்டைத் தொடுவதில்லை. சில வண்டிக்காரர்கள், அப்படியே உங்க அத்தான் மாதிரியே கேக்குறீங்க தம்பி என்று மெச்சிக்கொள்கிறார்கள். அவர்களைப் பிடித்து வெளியே தள்ளலாமா என்று இருக்கும். கார்புரேட்டருக்கும் கம்ப்ரசருக்கும் இவ்வளவு பொறுமை காட்டுகிற இந்த வாய் அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

போன மாதம் மூன்றாம் வருடத் திவசம். திருமலைராயன்பட்டினத்தில் அக்கா வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டே அத்தானின் பெரியப்பா பேச்சை எடுத்தார். ஊர் வண்டிக்கெல்லாம் நோய் பார்த்தவனுக்குத் தன் உடம்பைப் பார்க்கத் தெரியவில்லை, சுத்த அலட்சியம், பெண்டாட்டியை நினைத்திருந்தால் வாயைத் திறந்து சொல்லியிருக்கமாட்டானா என்றார். இரண்டு மூன்று பேர் ஆமாம் போட்டார்கள். எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், அலட்சியம் என்ற சொல்லை மட்டும் அந்த மனுஷன்மேல் போடக்கூடாது. ஒரு நட்டைக்கூட இரண்டு தரம் பார்க்காமல் விடாதவர் அவர். செத்தவருக்கு இந்தப் பேரை வாங்கிக்கொடுத்த நான் பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தேன். அக்கா இலை எடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவள் என்னைச் செருப்பால் அடித்தாலும் சரி, இனி வாசல்படி மிதிக்காதே என்றாலும் சரி, அவர்மேல் விழுந்த அந்தச் சொல்லை எடுத்தாக வேண்டும்.

நாலு மணிக்கு எல்லாரும் கிளம்பிப் போனார்கள். அக்கா கொல்லையில் குழாயடியில் உட்கார்ந்து பெரிய அண்டாவைத் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் போய்க் குந்தினேன். வெள்ளிக்கிழமை பதினோரு மணியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டாததைச் சொன்னேன். செருப்பு கொஞ்ச நேரம் நின்றதைச் சொன்னேன். டாக்டரிடம் சொன்ன பொய்யைச் சொன்னேன். அக்கா அழவில்லை, கத்தவும் இல்லை. அண்டாவை ஒரு சுற்றுத் திருப்பி மறுபக்கம் தேய்க்க ஆரம்பித்தாள்.

“தெரியும்” என்றாள். “அன்னைக்கு சாயங்காலம் வந்து எங்கிட்டயும் நெஞ்சு அடைக்குதுன்னாரு. வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோம்னு நான் சேலைகூட மாத்திட்டேன். ‘மாப்ளகிட்ட சொன்னேன், கேஸ்தான்னு சொன்னான்’னாரு. அதுக்கப்புறம் மாத்துன சேலையை மடிச்சு வெச்சுட்டுத் தோசை ஊத்தப் போயிட்டேன்.”

அப்படியானால் அவர் சொல்லவே இல்லை என்று ஏன் ஊரெல்லாம் சொன்னாய் என்று எப்படியோ கேட்டுவிட்டேன். வேறு யார் பேரைச் சொல்லச் சொல்கிறாய், உன் பேரையா, என் பேரையா என்றாள். குழாயைத் திறந்து அண்டாவில் தண்ணீர் விட்டாள். அது நிறைகிற வரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழாயை மூடிவிட்டு, அன்று முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தாள்.

“பதினோரு வருசம் அவருகூட இருந்தவனாச்சே. கேட்டுப் பாத்துட்டுத்தான் நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்” என்றாள்.