இங்கே பார்சல் வாங்கப்பட மாட்டாது

பவ்லினா, கடைக்காரர் ரங்கெலுக்கு ஒன்பதாயிரத்து முந்நூறு தெனார் தர வேண்டியிருந்தது. அது கைமாற்றாகக் கேட்டு வாங்கிய பணம் இல்லை. போனில் படம் பார்த்து அவள் வரவழைத்த தரை துடைக்கும் இயந்திரத்துக்கு, அவள் தையல் ஆலையில் இருந்த நேரத்தில், ரங்கெல் தன் கல்லாவிலிருந்து எடுத்துப் பார்சல்காரனிடம் கொடுத்த பணம்.

எங்கள் ஷ்டிப் ஊரில் ஆலைக்குப் போகிற பெண்களுக்கு வேறு வழி கிடையாது. பத்து மணிக்கு விடுகிற சின்ன இடைவேளை தவிர, வேலை நேரத்தில் யாரும் வாசலைத் தாண்ட முடியாது. பார்சல்காரனோ நடுப்பகலில்தான் வருவான். காசைக் கையில் வைத்தால்தான் பெட்டியைத் தருவான். காசு வைக்கும் முன்னே பிரித்துப் பார்க்கவும் விடமாட்டான். முன்கூட்டியே கார்டில் கட்டிவிடலாமே என்றால், "கட்டினப்புறம் செங்கல் வந்தா உங்கப்பனா திருப்பித் தருவான்?" என்று சண்டைக்கு வருவார்கள். அதனால் தெரு முழுக்கப் பார்சல்காரனிடம் சொல்வது ஒன்றுதான்: "ரங்கெல் கடையில குடுத்துடு, அவர் காசு தருவார்." சாயங்காலம் வேலை முடிந்து வந்து அவருக்குக் காசைத் தந்து பெட்டியை எடுத்துப் போவார்கள்.

அந்தக் கடையை ரங்கெல் தானே எழுப்பினார். நாலாம் வகுப்போடு சரி. பஞ்சாலையில் மூட்டை சுமந்தவர். ஆலையை மூடிய அன்று மற்றவர்கள் காபிக்கடையில் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருக்க, இவர் ஆலையின் இடிந்த சுவரிலிருந்து செங்கல் பொறுக்கித் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். கொத்தனாருக்கு ஒரு தெனார் கொடுத்ததில்லை. சுவர் இன்றைக்கும் நூல் பிடித்தாற்போல நிற்கிறது. எஞ்சினியர் கட்டிய பக்கத்து வீடு விரிசல் விட்டிருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்பேர்ப்பட்ட கடை, இவர்களுக்கு வெறும் கிடங்காகப் போனதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல். காபித்தூள், சோப்புத்தூள், காலுறை, துணி மாட்டும் கிளிப் வரைக்கும் போனில்தான் வாங்கினார்கள். அவருடைய அலமாரி முன்னாலேயே நின்று அவருடைய சோப்புத்தூளைப் படம் பிடித்து, வேறெங்கே பத்து தெனார் குறைவு என்று தேடுவார்கள். போகும்போது தர்மம் போடுவதுபோல ஒரு ரொட்டி வாங்குவார்கள். அந்த ரொட்டி வியாபாரத்துக்காகத்தான் அவரும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் மாதம் ஒரு சாயங்காலம் பவ்லினா வந்தாள். ஆலையில் ஒரு தையல் மிஷின் வரிசைக்கு மேற்பார்வைக்காரி அவள். குரலும் அத்தனை மிஷின் சத்தத்தையும் தாண்டுகிற குரல்தான். கடையிலேயே பெட்டியைக் கிழித்தாள். உள்ளே தட்டு அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வட்டம் இருந்தது. கீழே பல் துலக்கும் பிரஷ் மாதிரி ரெண்டு குச்சம்.

"என்னது இது? படத்துல எவ்வளவு பெருசா இருந்துது!"

"படத்துல நானும் ஒரு காலத்துல அழகாத்தான் இருந்தேன்," என்றார் ரங்கெல். "ஒம்பதாயிரத்து முந்நூறு. எடு."

"இந்தக் குப்பைக்கா? நான் தரமாட்டேன். திருப்பி அனுப்பிடுங்க."

"காசு குடுத்த பெட்டிய அவன் திருப்பி எடுக்கமாட்டான்னு உனக்குத் தெரியாதா?"

"உங்கள யாரு குடுக்கச் சொன்னது, மாமா?"

கடையில் நின்றிருந்த ரெண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரங்கெலுக்குக் காது மடல் சிவந்தது.

"யாரு சொன்னதா? மூணு வருஷமா நீதானே சொல்ற! உன் செருப்பு, உன் புருஷன் மீன்தூண்டில், உன் தலைமுடி சுருட்டுற கம்பி, எல்லாத்துக்கும் குடுத்தேனே, அப்பல்லாம் வாயில கொழுக்கட்டையா?"

"அதெல்லாம் நல்ல சாமான். வாங்கறதுக்கு முன்னால பாத்து வாங்கணும். வயசாச்சுன்னா கண்ணாடி போட்டுக்கணும்."

"மூடின பெட்டிக்குள்ள பாக்க நான் என்ன எக்ஸ்ரே மிஷினா?"

அவள் இயந்திரத்தைக் கல்லா மேலேயே வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பணம் பாலாடைக்கட்டிக்காரனுக்கு என்று எடுத்து வைத்தது. அடுத்த வாரம் அவன் சரக்கு இறக்க மறுத்தான். இத்தனை வருஷத்தில் ரங்கெல் முன்னால் நின்று காசு எங்கே என்று கேட்ட முதல் ஆள் அவன்தான்.

அன்றைக்கே கதவில் அட்டையைத் தொங்கவிட்டார்: இங்கே பார்சல் வாங்கப்பட மாட்டாது.

தெரு முதலில் சிரித்தது. கிழவன் நாலு நாளில் இறங்கி வருவான் என்றார்கள். ரங்கெல் இறங்கவில்லை. பார்சல்காரன் பூட்டிய வீடுகளின் கதவை ரெண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுபோனான். விற்றவர்கள் இந்தத் தெருக்காரர்களின் எண்களைக் குறித்துவைத்துக்கொண்டு, இனி முதலில் பணம் கட்டு, பிறகுதான் அனுப்புவோம் என்றார்கள். பெண்கள் ரங்கெலைச் சபித்தார்கள். ரொட்டி வாங்குவதையும் நிறுத்தினார்கள். கடை காற்று வாங்கியது. தையற்காரி வெஸ்னா வாசலில் நின்று, "செத்தா பெட்டிக்குள்ள கொண்டுபோகப் போறியா அந்தக் காச?" என்று கத்தினாள்.

"அந்தப் பெட்டியாச்சும் ஆர்டர் பண்ணாம வரும்," என்றார் அவர்.

சபித்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக கோபத்தைப் பவ்லினா பக்கம் திருப்ப ஆரம்பித்தார்கள். அவள் ஒருத்தி ஏமாற்றியதற்கு வரிசை முழுக்கத் தண்டனை. ஆலையில் அவளோடு காபி குடிக்க ஆள் இல்லாமல் போனது.

மே மாதக் கடைசியில் பவ்லினாவின் மகளுக்குப் பள்ளி முடிப்பு விருந்து வந்தது. எங்கள் ஊரில் அதற்குக் கல்யாணத்தைவிடச் செலவு செய்வார்கள். மகளின் கவுன், இந்தத் தெருவின் கதை இன்னும் எட்டாத ஒரு விற்பனைக்காரனிடம் போனில் சொல்லி வரவழைத்தது. பார்சல்காரன் ஒரு தடவை வந்து திரும்பியாயிற்று. மறுநாள் நடுப்பகல்தான் கடைசித் தடவை. விருந்து அதற்கும் மறுநாள். புருஷன் மால்டாவில் கட்டட வேலையில் இருந்தான். நடுப்பகலில் பரீட்சைக்குப் போக வேண்டிய மகள் அழுது முகம் வீங்கிக் கிடந்தாள்.

அந்தக் கடைசி நாள், பத்து மணி இடைவேளையில் பவ்லினா ஓடி வந்தாள். சட்டையெல்லாம் நூல் பிசிறு, மூச்சு வாங்கியது.

"மாமா, இன்னிக்கு ஒரு பார்சல் வரும். ஆறாயிரத்து நூறு. இந்தாங்க, காசு இப்பவே கொண்டாந்திருக்கேன். வாங்கி மட்டும் வைங்க."

ரங்கெல் பணத்தைத் தொடவில்லை. கதவைக் காட்டினார். "படிக்கத் தெரியும்ல?"

"பொண்ணு அழுவுறா, மாமா."

"என் பாலாடைக்கட்டிக்காரன்கூடத்தான் அழுதான்."

"ஒரு பொண்ணோட கவுன்ல போயி பழி தீர்க்கறீங்களே, வெக்கமா இல்ல?"

"இல்ல," என்றார். "பழசு முதல்ல. புதுசப் பத்தி அப்புறம் பேசலாம்."

அவள் வாய்க்குள் ஏதோ சொன்னாள். நல்ல வார்த்தை இல்லை. பிறகு இன்னொரு பையிலிருந்து கசங்கிய நோட்டுக் கற்றையை எடுத்தாள். இப்படித்தான் கேட்பார் என்று தெரியாமல் வரவில்லை அவள்.

"இது என் காசு இல்ல, தெரிஞ்சுக்கங்க. வரிசையில இருக்கறவளுங்க போட்டது. எனக்காகப் போடல, அவங்க பார்சல் வரணும்னு போட்டாளுங்க. நான் சம்பளம் வாங்கினதும் அதுல கழிச்சுக்குவாளுங்க. இனிமே மூஞ்சி குடுத்துப் பேசவும் மாட்டாளுங்க. உங்களுக்குத் திருப்தியா?"

"காசு யாருதா இருந்தா எனக்கென்ன."

கல்லா மேல் எறியப் போனாள். ரங்கெல் கையை நீட்டினார். மூட்டை சுமந்து காய்த்துப்போன உள்ளங்கை. "இங்க. ஒண்ணொண்ணா. சத்தமா."

அவள் எண்ணினாள். ஆயிரம், ரெண்டாயிரம். பிறகு ஐந்நூறுகள். பிறகு இருநூறுகள், எண்ணெய்க் கறையோடு. ஒவ்வொன்றையும் அறைவதுபோல வைத்தாள். அவர் கை அசையவில்லை. நூறு நோட்டுகள் தீர்ந்தபோது ஒன்பதாயிரத்து இருநூறு ஆகியிருந்தது. இடைவேளை முடியப் போகிறது, அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். கை நீட்டியபடியே இருந்தது. சட்டைப் பையைத் துழாவி ஓர் ஐம்பது நாணயத்தை எடுத்து வைத்தாள். அதன் மேல் இன்னோர் ஐம்பதை வைத்தாள். அப்போதுதான் அந்தக் கை மூடியது; கவுன் பணத்துக்காக மறு கை நீண்டது.