தகரம் பாடிய மெட்டு

அவளுக்குத் தகரம் என்று பேர் வைத்தது பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர். நாற்பது பிள்ளைகள் சேர்ந்து பாடினாலும் அவள் குரல் மட்டும் தனியாக, சிமெண்ட் தரையில் தகரத்தை இழுத்த மாதிரி கேட்குமாம். டீச்சர் நல்லவர்தான். திட்டவில்லை, அடிக்கவில்லை. "கண்ணு, நீ வாயை மட்டும் அசை, போதும்," என்றார். தகரம் ஆறு வருஷம் வாயை மட்டும் அசைத்தாள். ஆண்டு விழாப் புகைப்படங்களைப் பார்த்தால், எல்லாரையும்விட அவள் வாய்தான் அகலமாகத் திறந்திருக்கும்.

அந்த வீட்டுக்கு வந்த இசையெல்லாம் மொத்தமாகத் தம்பிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். அவளைவிட ஐந்து வயது இளையவன். வயலின் கற்று, பெரிய நகரத்துக்குப் போய், ஜாஸ் வாசித்துப் பேர் வாங்கிவிட்டான். ஒருமுறை அவள் கேட்டாள்:

"ஜாஸ்னா என்னடா?"

"முதல்ல மெட்டை வாசிப்போம்க்கா. அப்புறம் அந்த நேரத்துக்கு மனசுல என்ன தோணுதோ அதை வாசிப்போம்."

"ஓ, மறந்துபோனா சமாளிக்கிறதுக்குப் பேர்தானா?"

தகரத்துக்கும் இசைக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பத்தொன்பது வயதிலிருந்து முப்பது வரை அவள் ஊர் நடன மண்டபத்தில் டிக்கெட் கிழித்தாள். டிக்கெட் அறை என்பது ஒரு நாற்காலி போடும் அளவுக்குப் பலகையால் அடைத்த பெட்டி. முன்னால் தெருவைப் பார்த்த சின்ன ஜன்னல். முதுகுக்குப் பின்னால் பலகைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மேடை. பதினொரு வருஷம் அவள் ஐந்து பேர் கொண்ட அந்த இசைக்குழுவை முதுகால் கேட்டாள். பிறகு மண்டபம் மெத்தை விற்கும் கடையாகிவிட்டது. அவள் ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டு, கடைத்தெருவில் துணி திருத்தித் தரும் கடை போட்டாள். ஜிப் மாற்றுவது, நீளம் குறைப்பது, இடுப்பு விடுவது.

போன வருஷம் தம்பி ஒலிப்பதிவுக் கருவியோடு ஊருக்கு வந்து இறங்கினான். ஊரின் பழைய இசையை வைத்து ஓர் ஆல்பம் போடுகிறானாம். எட்டு உருப்படி. ஏழு தயார். எட்டாவதாக, மண்டபத்தில் கடைசியாக வாசித்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பும் அந்த மெட்டு வேண்டும். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. அவன் ஊரெல்லாம் அலைந்தான். முடிவெட்டுபவர் ஒரு விதமாகப் பாடினார்; மருந்துக்கடைக்காரர் வேறு விதமாக. குழுவில் மிச்சமிருந்த ஒரே ஆள் டிரம்ஸ் வாசித்தவர். இப்போது சாவி செய்யும் கடை வைத்திருக்கிறார். "கேட்டா கண்டுபிடிச்சிடுவேன் தம்பி. ஆனா பாடச் சொன்னா அடி மட்டும்தான் வரும்," என்று மேசையில் தட்டிக் காட்டினார்.

ஐந்தாம் நாள் சாப்பாட்டு மேசையில் டிரைவர் மெதுவாகக் கேட்டார்: "மாப்ள, உங்க அக்காகிட்ட கேட்டீங்களா?"

தம்பிக்குச் சிரிப்பில் புரையேறியது. தகரம் எழுந்தாள். தண்ணீர் டம்ளரை அவன் முன்னால் வைத்தாள். வைத்த சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டது.

மறுநாள் அவன் கச்சேரிப் பேண்டின் இடுப்பை விட்டுத் தரச் சொல்லிக் கடைக்கு வந்தான். ஊர் இசையைத் தேடிப் போன வீட்டிலெல்லாம் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டதன் பலன். பேண்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் நின்றான். தகரம் தையலைப் பிரித்தாள், ஊசியில் நூல் கோத்தாள், தைக்க ஆரம்பித்தாள். தைக்கும்போது அவள் எப்போதும் எதையாவது முனகுவாள். ஆள் இருந்தால் மட்டும் அடக்கிக்கொள்வாள். திரைக்குப் பின்னால் தம்பி இருப்பது அன்று மறந்துவிட்டது.

திரை விலகி ஒரு தலை மட்டும் எட்டிப் பார்த்தது. "அக்கா, அது என்ன?"

"எது? ஊசிடா."

"நீ இப்ப முனகினது! அந்தக் கடைசி மெட்டுதானே?"

அவள் முகம் சிவந்தது. அவன் விடவில்லை. மறுபடி பாடச் சொல்லி, இடுப்பில் திரையைச் சுற்றிக்கொண்டே கேட்டான். நாலாவது வரியில் கையைத் தூக்கினான். "அந்த இடத்துல கொஞ்சம் மேல போகணும்க்கா."

"போகாது. கீழதான்."

"நான் முப்பது வருஷமா வயலின் வாசிக்கிறேன்."

"நான் பதினொரு வருஷம் முதுகைச் சுவத்துல வச்சு உட்கார்ந்திருந்தேன்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்றான் அவன்.

பஞ்சாயத்துக்குச் சாவிக்கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் கையில் அரத்தோடு வந்தார்; திரை கட்டிய வயலின்காரனைப் பார்த்தும் ஒன்றும் கேட்காத நாகரிகம் அவருக்கு இருந்தது. தகரம் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். இரண்டாவது வரியிலேயே அவர் விரல்கள் கல்லாப்பெட்டி மேல் தட்ட ஆரம்பித்தன. நாலாவது வரி வந்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"அதேதான்! எங்க கிளாரினெட்ல அந்த சுரத்துக்கான துளைகிட்ட ஒரு விரிசல். வாசிக்கிறவன் பிசின் வச்சு ஒட்டியிருந்தான். அந்த சுரம் வந்தாலே கால்வாசி இறங்கிடும். திருத்திப் பார்த்தோம், முடியல. கடைசியில நாங்க எல்லாருமே அவனோட சேர்ந்து இறங்கிட்டோம். இந்தம்மா அப்படியே பிடிச்சு வச்சிருக்காங்க!"

ஆக, கோணல் கூடத்தில்தான் இருந்திருக்கிறது. தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காமல் பேண்டை நீட்டினாள். "மாட்டிக்கோ. யாராவது வந்துடப்போறாங்க."

அவன் அந்தச் சுரத்தை அவள் பாடிய இடத்திலேயே வாசித்தான். தொடக்கத்தில் அவள் குரலையும் பின்னால் தையல் மெஷின் ஓசையையும் வைத்தான். ஒலிப்பதிவுக்கு மட்டும் அவளைச் சம்மதிக்க வைக்க இரண்டு நாள் ஆயிற்று. ஆல்பம் வெளிவந்ததும் ஒரு பத்திரிகை விமர்சகர், 'சுரங்களுக்கு இடையிலுள்ள வெளியைத் துணிச்சலாக ஆராய்கிறது' என்று எழுதினார். டிரைவர் அதை வெட்டி எடுத்துப் பஸ்ஸில் தன் இருக்கைக்கு எதிரே ஒட்டிக்கொண்டார். ஏறிய பயணிகளிடமெல்லாம், "இந்த வெளி எங்க வீட்டுக்காரம்மாவோடது," என்றார்.

தம்பி போன் செய்தான். "எப்படிக்கா இருக்கு?"

"என் பாட்டு நல்லா இருக்கு. அப்புறம் நீ நாலு நிமிஷம் எங்கேயோ காணாமப் போயிடுற. நல்லவேளை, வழி கேட்டு வந்து சேர்ந்துட்ட." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "ஏண்டா, அவங்க தினம் பதினெட்டுப் பாட்டு வாசிப்பாங்களே. நீ ஒண்ணுதானே கேட்ட?"

தம்பி ரயில் அட்டவணையைத் தேடி எடுத்தான். சனிக்கிழமை காலை ரயிலில் வருவதாகச் சொன்னான். தகரம் வெள்ளிக்கிழமையிலிருந்தே வெந்நீரில் தொண்டையைக் கொப்பளிக்க ஆரம்பித்தாள். டிரைவர் என்ன கேட்டாலும் சைகையில்தான் பதில், குரலைச் சேமிக்கிறாளாம்.