நாற்காலியும் எட்டு வார்த்தைகளும்

அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தவர்கள் உடன் வேலை பார்க்கும் பெண்கள். கல்யாணமான புதிதில் அந்த விடுதியில் அறை துடைக்கச் சேர்ந்தாள். இப்போது மகள் கல்லூரிக்குப் போகிறாள். இத்தனை காலத்தில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தபடியே சாப்பாட்டை முடித்துவிடுவாள். வேன் ஓட்டும் கணவர், "இவ தூங்கும்போதும் கால் ஆடிக்கிட்டுதான் இருக்கும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சும்மா உட்கார்ந்தால் அவளுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். எங்கோ ஏதோ கெட்டுப்போகிறது, தான் மட்டும் இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அப்படிப்பட்டவளிடம் டாக்டர் முழங்கால் படத்தைக் காட்டி, இனியும் படி ஏறி இறங்கினால் நடக்கவே முடியாமல் போகும் என்று சொல்லிவிட்டார். விடுதியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்றே ஒன்றுதான் காலியாக இருந்தது. கீழ்த்தளத்து மேஜையில், அறைகளிலிருந்து வரும் போனை எடுத்து, என்ன வேண்டும் என்று கேட்டு ஆளை அனுப்பும் வேலை. பாதிப் பேர் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள்.

ஆங்கில வார்த்தைகளுக்கு மகள் கைகொடுத்தாள். "ஒவ்வொண்ணா படிச்சா ஆயுசுக்கும் முடியாதும்மா. ஒரே மாதிரி எழுத்துல முடியறதெல்லாம் ஒரு குடும்பம். ஒருத்தரப் பிடிச்சா மத்தவங்க தானா வருவாங்க." முதலில் வந்த குடும்பம் ஐ, ஜி, ஹெச், டி என்று முடிகிற குடும்பம்.

"நடுவுல இந்த ஜியும் ஹெச்சும் எதுக்குடி? சத்தமே போடாம உக்காந்திருக்கு. வெட்டிச் சோறு!"

"உனக்கு உக்காந்திருக்கிற யாரையும் பிடிக்காதே" என்றாள் மகள்.

பம்பரம் படித்ததெல்லாம் வேலை செய்துகொண்டேதான். அறைக்குள் நுழைந்து ஸ்விட்சைத் தட்டினால் லைட், வெளிச்சம். திரையை இழுத்து மூடினால் நைட், இரவு. வலப்பக்கத் தலையணையைத் தட்டினால் ரைட். விரிப்பை இழுத்துச் செருகினால் டைட், இறுக்கம். தலையணையை உறைக்குள் திணிப்பது ஃபைட், சண்டை. மெத்தையைத் தூக்குவது மைட், வலு. கண்ணாடியைத் துடைப்பது சைட், பார்வை. கடைசியாகக் குளியலறைக் கதவைத் திறப்பது ஃப்ரைட், திகில். விருந்தினர்கள் உள்ளே என்ன கோலத்தில் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்! ஒரு அறை முடிவதற்குள் எட்டு வார்த்தையும் அர்த்தத்தோடு வந்து நின்றன.

நேர்காணலில் மேனேஜர் அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். அங்கேதான் வம்பு. கை சும்மா இருந்ததும் நாக்கும் சும்மா இருந்துவிட்டது. "டைட்னா என்ன?" என்று கேட்டார். கை தன்னை அறியாமல் மேஜை விரிப்பின் நுனியை இழுத்தது. உடனே லைட்டில் ஆரம்பித்து எட்டையும் ஒப்பித்துவிட்டாள். கேட்ட வார்த்தையில் நிற்கத் தெரியவில்லை.

மேனேஜர் சிரித்தார். "உங்களை விட இந்த அறைகளைத் தெரிஞ்சவங்க இங்க இல்ல. ஒரு வாரம் பாக்கலாம். ஆனா போனை விட்டுட்டு எழுந்து ஓடினீங்கன்னா, பழையபடி மேல் மாடிதான்."

அந்த வாரம் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. போன் வந்தால் எழுந்து நின்றுதான் எடுப்பாள். ஒரு கையில் துண்டுகளை மடித்துக்கொண்டுதான் பேசுவாள். நாற்காலியில் அவள் உட்காரவில்லை, மடித்த துண்டுகள்தான் உட்கார்ந்தன. "நாற்காலி எப்படி இருக்கு?" என்று கணவர் கேட்டார். "துணி வெக்க வசதியா இருக்குங்க" என்றாள். முழங்கால் பந்தாக வீங்கியிருந்தது.

வாரக் கடைசியில், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் போன் அடித்தது. கண் அறுவை சிகிச்சைக்காகத் தனியாக வந்து தங்கியிருந்த வயதான அம்மாள். தூங்கி எழுந்திருக்கிறாள். ஒரு கண்ணில் கட்டு. திரைகள் மூடிக் கிடக்கின்றன. இன்னொரு கண்ணும் போய்விட்டது என்றே பயந்துவிட்டாள். ஆங்கிலம் அழுகையோடு கலந்து கொட்டியது. பம்பரத்துக்குப் பிடிபட்டது ஒரு வார்த்தைதான்: "லைட்! நோ லைட்!"

கால்கள் வாசலுக்குத் திரும்பிவிட்டன. நான்கு மாடி. ஓடினால் நொடியில் போய்விடலாம். ஆனால் போனை வைத்தால் அந்த அம்மாள் இருட்டில் எழுந்து தடுமாறி விழுந்துவிடுவாள். நாற்காலியிலிருந்த துண்டுகளைத் தரையில் தள்ளிவிட்டு, இரண்டு கைகளாலும் போனைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். மனதுக்குள் அந்த அறைக்குள் போய் நின்றாள்.

"நோ ஃப்ரைட், மேடம். சிட். ரைட் ஹேண்ட். வால். ஸ்லோ."

சுவரில் கை உரசும் சத்தம் கேட்டது. எதையோ தட்டிவிடும் சத்தம். பிறகு விசும்பல். பம்பரம் காத்திருந்தாள். வாழ்க்கையில் அவளுக்குத் தெரியாத வேலை அது.

"அப். லிட்டில் அப்."

டக்கென்று ஒரு ஓசை.

"லைட்!" என்று அந்த அம்மாள் கத்தினாள். "லைட்!" என்று இவளும் கத்தினாள். இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

ஆள் வரும் வரை போனை வைக்காதே என்று அந்த அம்மாள் கெஞ்சினாள். பேரப்பிள்ளைகளைப் பற்றி ஏதேதோ பேசினாள். பாதிக்குமேல் புரியவில்லை. பம்பரம் "ரைட், ரைட்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மற்ற ஏழு வார்த்தைகளும் கூப்பிடாமல் வரவில்லை.

சாப்பிட்டுத் திரும்பிய பெண் ஒருத்தியை மேலே அனுப்பிவிட்டுப் போனை வைத்தபோது, வாசலில் மேனேஜர் நின்றிருந்தார். பம்பரம் பதறி எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உக்காருங்க" என்றார்.

அப்போதுதான் கவனித்தாள், தான் உட்கார்ந்திருப்பதை. எப்போது உட்கார்ந்தோம் என்றே நினைவில்லை. மேனேஜர் தரையில் கிடந்த துண்டுகளைத் தானே குனிந்து எடுத்துக்கொண்டு போனார்.

அறை அமைதியானது. முழங்கால் விண்விண் என்று தெறித்தது. பொறுக்க முடியாத வலி. குனிந்து அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக, பாவம், வலிக்கக்கூட அதற்கு அவள் நேரம் கொடுத்ததில்லை.