வாசலில் நின்று நான் சொன்ன சட்டம்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஆவணி மாதம், தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த நேரம். சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்தைத் தாண்டி நான் வைத்திருக்கும் பட்டாசுக் கம்பெனியில் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. படிப்பு மூன்றாம் வகுப்பு. எட்டு வயதில் காகிதக் குழாய் உருட்ட உட்கார்ந்தவன். இன்று நூற்று இருபது பேருக்கு வேலை கொடுக்கிறேன். பெரிய படிப்புப் படித்த அதிகாரி வந்து நின்றாலும், எந்த அறையில் எவ்வளவு வெடிமருந்து வைக்கலாம், எத்தனை பேர் உட்காரலாம் என்று பேப்பரைப் பார்க்காமல் சொல்வேன். இருபத்தெட்டு வருடம், ஒரு விபத்து இல்லை. ஒருவருக்கு நகம்கூடக் கருகியதில்லை. இதைக் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடமும் சொல்லுவேன்.

கம்பெனிக்குள் நெருப்புக் கூடாது, சூடம்கூட ஏற்ற முடியாது. அதனால் எங்கள் சாமி கேட்டுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தினமும் காலையில் எல்லாரும் அங்கே கும்பிட்டுவிட்டு, செல்போன், தீப்பெட்டி, உரசினால் பொறி தட்டும் கொண்டை ஊசி வரைக்கும் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அந்த இடத்தில் நின்று நான் ஐந்து நிமிடம் பேசுவேன். எல்லாரும் கேட்பார்கள். கேட்காமல் எங்கே போவது, கேட்டைத் திறக்கச் சொல்வது நான்தானே.

அப்படி ஒரு நாள் காலையில், திரி செருகும் அறையில் வேலை பார்க்கும் ஒரு பெண் என்னிடம் வந்தாள். முப்பது வயது இருக்கும். இரண்டு பெண் பிள்ளைகள். கணவர் ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். இரண்டு நாள் லீவு கேட்டாள். சீசனில் லீவா, எதற்கு என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“மொதலாளி, நாள் தள்ளி ரெண்டு மாசம் ஆகுது. ரெண்டாவது பிள்ளைக்கே பிரஷர் ஏறி, ஜன்னி வந்துதான் பொழச்சேன். இன்னொன்னு ஒடம்பு தாங்காதுன்னு அப்பவே டாக்டரம்மா சொல்லிட்டாக. விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போயி கலைச்சுட்டு வந்துர்றேன்.”

அவள் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். நான் கேட்டில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி பதில் சொன்னேன்.

“கலைக்கிறதா? ஏ தாயி, அது கொலைக் கேசு! ஒன்னையும் ஒன் புருசனையும் சேத்துப் போலீஸ் தூக்கிட்டுப் போயிரும். அந்தப் பாவத்தோட மருந்து கெடக்குற எடத்துக்குள்ள காலை வைக்கலாமா? எங்க ஆத்தா ஒம்போது பெத்தா. பெக்குறதுக்கு மொத நாள் வரைக்கும் களை வெட்டுனா. நீ பெத்துப் போடு. செலவு பூராம் நான் பாத்துக்கிறேன். பேரும் நானே வைக்கிறேன்.”

அவள் அறையிலேயே வேலை பார்க்கும் மூத்த பெண் ஒருத்தி உண்டு. வாய்த்துடுக்கு. “பேரு வைக்க மொதலாளி வாராக, பெத்து எந்திரிக்க யாரு வருவா?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். லீவு கேட்டவள் சிரிக்கவில்லை. கொண்டை ஊசியை எடுத்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கொலைக் கேசு என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நான் நம்புவதெல்லாம் என் வாயிலிருந்து வரும்போது சட்டமாக வரும், அவ்வளவுதான். அன்றைக்கு ஒரு குடும்பத்தைப் பாவத்திலிருந்து காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன். சாயங்காலம் வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

ஒரு வாரம் கழித்து, காலை பதினோரு மணி இருக்கும். திரி அறையிலிருந்து கூச்சல். எங்கள் தொழிலில் கூச்சல் கேட்டால் முதலில் புகையைத்தான் தேடுவோம். புகை இல்லை. அந்தப் பெண் சுவரோரம் சாய்ந்து கிடந்தாள். வெயில் மயக்கம் என்று நினைத்து, சோடா வாங்கி வரச் சொன்னேன்.

அந்த வாய்த்துடுக்குக்காரி என் கையைப் பிடித்து இழுத்தாள். மொதலாளி கையைப் பிடிக்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. “சோடாவா? சேலையப் பாருங்க மொதலாளி! மருந்துக்கடையில சீட்டு இல்லாம மாத்திரை வாங்கித் தின்னுருக்கா. நாலு நாளாப் போய்க்கிட்டே இருக்குன்னு இப்பத்தான் சொல்லுதா.”

அப்போதுதான் பார்த்தேன். தரையில் விரித்திருந்த ரப்பர் விரிப்பு வரைக்கும் ரத்தம்.

என் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு சிவகாசி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவளுக்கு உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. ஒரு தடவை கண்ணைத் திறந்து, “போலீஸ் வருமா?” என்று கேட்டாள். உயிர் போய்க்கொண்டிருக்கிறது, அவளுக்கு அந்தப் பயம்.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். கரு முழுதாக வெளியேறவில்லை, சுத்தம் செய்ய வேண்டும், ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, எம்புட்டு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கழுத்தில் சின்னச் சிலுவை போட்ட நர்ஸ் அம்மா, “வயசு என்ன ஐயா?” என்றார். அறுபத்தெட்டு என்றேன். “ஒங்க ரத்தம் ஆகாது. இளவட்டம் யாரையாச்சும் வரச் சொல்லுங்க” என்று நகர்ந்துவிட்டார். என் லோடுமேன்கள் இரண்டு பேர் வந்து கொடுத்தார்கள். நான் மடித்த கையோடு நின்றேன்.

மத்தியானம் அவள் கணவர் லாரியோடு வந்து சேர்ந்தார். நர்ஸ் அம்மா அவரைத்தான் பிடித்தார். “ரெண்டு மாசக் கருவுக்கு ஆஸ்பத்திரி இருக்குல்ல? மாத்திரையவே டாக்டர் பாத்துக் குடுப்பாக. கடையில வாங்கித் திங்கச் சொன்னது யாரு?”

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். “கொலைக் கேசு ஆயிரும்னாக. மொதலாளிதான் சொன்னாக.”

நர்ஸ் அம்மா திரும்பினார். “அவ ஒடம்புக்கு ஆகாதுன்னா, டாக்டர் பாத்துச் செய்யச் சட்டம் எடம் குடுக்கு. புருசன் கையெழுத்துக்கூட வேண்டாம். சட்டம் தடுக்கல ஐயா, நீங்க தடுத்திருக்கீக.”

எனக்குத் தோற்றுப் பழக்கமில்லை. “எங்க ஆத்தா ஒம்போது பெத்தா” என்று அங்கேயும் ஆரம்பித்தேன்.

“எம்புட்டு வயசு வரைக்கும் இருந்தாக?” என்று சாதாரணமாகத்தான் அவர் கேட்டார்.

மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டேன். என் அம்மா பத்தாவது பேறுகாலத்தில் போய்விட்டாள். வயிற்றில் இருந்ததும் பிழைக்கவில்லை. அப்போது எனக்கு எட்டு வயது. அவள் போனதால்தான் பள்ளிக்கூடத்தை விட்டு நான் குழாய் உருட்டப் போனேன். ஒன்பதை ஊரெல்லாம் சொன்னவன், பத்தை ஒருவரிடமும் சொன்னதில்லை. எனக்கே நான் சொல்லிக்கொண்டதில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு, இனிப் பயமில்லை என்று டாக்டர் வந்து சொன்னார். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் உயிர் எங்கள் கையில் இல்லை என்றும் சொன்னார். அவள் கணவர் தரையில் உட்கார்ந்து அழுதார். போலீஸ் யாரும் வரவில்லை.

மறுநாள் காலை, சாமி கும்பிட்ட பிறகு, அதே இடத்தில் நின்று, “அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அது சட்டம் இல்ல, என் வாய்” என்று எல்லாரிடமும் சொன்னேன். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அந்த நர்ஸ் அம்மாவைக் கேட்டு, ஒரு வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு வரவழைத்துப் பெண்களிடம் பேச வைத்தேன். நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

கருவைக் கலைப்பது இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது, மறைக்கவில்லை. பட்டாசு முதலாளிகள் சங்கக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தால், பாவம் என்பவர்களோடு நானும் தலையாட்டத்தான் செய்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்று ஒருவர் ஆரம்பித்தால், அந்த ரப்பர் விரிப்பைப் பற்றிச் சொல்லி நிறுத்திவிடுகிறேன்.

அந்தப் பெண் என் கம்பெனிக்குத் திரும்ப வரவில்லை. ஒரு தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகிறாள். பஸ் ஸ்டாப்பில் பார்த்தால், “நல்லா இருக்கீகளா மொதலாளி” என்பாள், பஸ் ஏறிவிடுவாள். அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவும் கூடாது.

இருபத்தெட்டு வருடக் கதையை இப்போதும் சொல்லுகிறேன், சொல்லாமல் இருக்க எனக்கு வராது. ஆனால் விபத்தே இல்லையா என்று யாராவது வியந்து கேட்டால், ஒன்று நடந்தது, அது வெடியால் நடக்கவில்லை, என் வாயால் நடந்தது என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வாய்ச் சோற்றை எடுக்கிறேன்.